மன்னார் வளைகுடாப் பவள வெளுப்பை டேபஸ்ட்ரியாக நெய்ய: பாவு நெருக்கம், சாயம், பிளவு பற்றிச் சில சந்தேகங்கள்

நெசவுப்பழகி கேட்டது:

வணக்கம். மன்னார் வளைகுடாவில் பவளம் வெளுத்துப்போவதை வைத்து டேபஸ்ட்ரியாக, அதாவது ஊடை பாவை முழுக்க மூடும் படநெசவாக, ஒரு சுவர்த்தொங்கல் நெய்ய எண்ணம். 24 அங்குல அகலம், 36 அங்குல உயரம். தறி என்று பெரிதாக ஒன்றுமில்லை, மரச்சட்டம்தான். உள்ளளவு 30க்கு 42 அங்குலம், மேலும் கீழும் ஆணி. பாவுக்கு (நீளவாட்டில் கட்டும் நூல்) 10ஆம் நம்பர் பருத்தி நூல், 9 பிரி முறுக்கியது. ஊடைக்கு (குறுக்கே போடும் நூல்) 2/20 சிட்டா நூலை, அதாவது 20ஆம் நம்பரில் 2 பிரி நூலை, 12 இழை சேர்த்து எடுக்கிறேன்.

8 அங்குலத்தில் ஒரு மாதிரி நெய்ததில் மூன்று கோளாறு. அங்குலத்துக்கு 12 பாவு கட்டியிருந்தேன். எவ்வளவு தட்டினாலும் ஊடைக்கு நடுவே பாவு பல்லிளிக்கிறது. கீழே 8 அங்குலமாக ஆரம்பித்தது மேலே போகும்போது 6¾ ஆகிவிட்டது. பதிமுகக் கட்டைச் சாயம் போட்ட சிவப்பு ஜன்னலோரத்தில் மூன்றே வாரத்தில் வெளிறிவிட்டது.

படம் இதுதான்: நடுவில் சிவப்பும் ரோஜாவுமாகக் கிளைப்பவளம், விளிம்பை நோக்கிப் போகப் போக வெள்ளை. கீழ்க்கரையில் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு 21 சின்ன முட்டை வடிவம். வெளுத்த இடத்தில் ஊடையே போடாமல் பாவை வெறுமனே விட்டால் என்ன என்றும் தோன்றுகிறது. கரையில் ஒதுங்கும் வலை நரம்பு, பவளத்துண்டு இவற்றைச் சேர்க்கலாமா?

குழித்தறி:

முதல் இரண்டையும் மட்டும் சொல்கிறேன், சாயத்துக்கு வேறு ஆள் வருவார்கள்.

பல்லிளிப்பதற்குக் காரணம் பாவு நெருக்கம். உங்கள் பாவு நூல் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த தடிமன். அங்குலத்துக்கு 12 என்றால் இரண்டு இழைக்கு நடுவே 1.2 மி.மீ.தான் மிஞ்சும். 12 இழை சேர்த்த ஊடையே கிட்டத்தட்ட 1 மி.மீ. வரும். கம்பளி என்றால் நசுங்கி உள்ளே இறங்கிவிடும். பருத்தி நசுங்காது. இறங்க இடம் கிடைக்காத ஊடை பாவின் முதுகில் ஏறி உட்காரும். டேபஸ்ட்ரியில் பாவு கம்பி மாதிரி நேராக நிற்கணும், வளைந்து வளைந்து போவதெல்லாம் ஊடையின் வேலை. வேட்டி, சேலையில் இரண்டும் சமமாக வளையும். அந்தக் கணக்கில் பாவு கட்டினால் இப்படித்தான் ஆகும்.

அங்குலத்துக்கு 8 பாவு, ஊடை 8 இழை. இப்போது இடைவெளி 2.3 மி.மீ. ஆகும், ஊடை 0.8 மி.மீ. இருக்கும், தாராளமாக இறங்கும். 24 அங்குலத்துக்கு மொத்தம் 192 பாவு. கால் அங்குலத்துக்கு ஓர் ஆணி, மேலே 96, கீழே 96. ஓர் ஆணியைச் சுற்றி வந்தால் இரண்டு பாவு. ஆணி எல்லாவற்றையும் ஒரே கோட்டில் அடித்தால் மரம் இழைவாக்கில் பிளந்துவிடும். ஒன்றுவிட்டு ஒன்று அரை அங்குலம் தள்ளி இரண்டு வரிசையாக அடியுங்கள். ஆணி முதல் ஆணி வரை 42 அங்குலம், 192 இழை, கட்டுச் சேதாரமும் சேர்த்து 225 மீட்டர் பாவு நூல். எடையில் 120 கிராம். ஊடை தறிக்குள் போவது அரை கிலோவுக்குள்தான். சாயத்தில் வீணாவதையும் பல நிற மிச்சத்தையும் நினைத்து முக்கால் கிலோ வாங்குங்கள்.

கட்டி முடித்ததும் உள்ளங்கையை விரித்துப் பாவின் குறுக்கே மெதுவாக அழுத்திக்கொண்டே போங்கள். தொய்ந்த இழை கைக்குத் தெரியும். அதை அப்படியே விட்டு நெய்தால் அந்த இடம் மட்டும் மேடாக எழும்பி, இறக்கிய பிறகு அலையடிக்கும். சட்டத்தின் மேல்கட்டைக்கும் பாவுக்கும் நடுவே ஒரு மெல்லிய குச்சியைச் செருகினால் மொத்தப் பாவும் இறுகும். நெய்யும்போது தளர்ந்தாலும் குச்சியைத் தடியாக மாற்றிக்கொண்டால் போதும்.

அகலம் சுருங்குவது ஊடையை நேராக இழுத்துப் போடுவதால். வளைந்து போகிற நூலுக்கு நேர்கோட்டைவிட அதிக நீளம் வேண்டும். அந்த நீளத்தை நீங்கள் கொடுக்காவிட்டால் அது ஓரப் பாவை உள்ளே இழுத்து எடுத்துக்கொள்ளும். அதனால் ஊடையைக் குன்று போல வளைத்துப் போட்டு, குன்றின் நடுவில் விரலால் அமுக்கி, பெரிய வளைவைச் சின்னச் சின்ன வளைவாக்கி, அப்புறம் சீப்பால் தட்டணும். 4 அங்குலத்துக்கு ஒரு குன்று, உயரம் ஓர் அங்குலம் என்று தொடங்குங்கள். ரொம்பத் தாராளமாகப் போனால் ஊடை புழு மாதிரி வெளியே துருத்தும், அப்போது குறையுங்கள். ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஸ்கேல் வைக்கணும். கால் அங்குலம் குறைந்துவிட்டால் அங்கேயே பிரித்துவிடுங்கள். மேலே போய்ச் சரியாகும் என்று யாரும் நம்ப வேண்டாம், ஆகாது.

கிளைப்பவளத்தில் எதை முதலில் நெய்வது என்று ஒரு சிக்கல் வரும். மேலே போகப் போக ஒடுங்கும் பகுதியை மட்டும்தான் தனியாக முன்னால் ஏற்றலாம். விரியும் பகுதியை ஏற்றினால் அடியில் ஊடை போட வழியில்லாமல் பாவு அடைபட்டுவிடும். வலப்பக்கம் சாய்ந்த கிளை என்றால் கிளைக்கு அடியில் இருக்கும் கடல் முதலில், அதன்மேல் கிளை, இரண்டு கிளைக்கும் நடுவில் உள்ள கடல் கடைசி. காக்கித்தாளில் வரைந்து பாவுக்குப் பின்னால் கட்டும்போதே இந்த வரிசைக்கு 1, 2, 3 என்று எண் போட்டுவிடுங்கள். பாவில் புள்ளி வைக்கப் பால்பாயிண்ட் பேனா கூடாது. ஈரம் பட்டால் ஊடைக்குள் ஊறும்.

அலைவாய்க்கரை:

நெசவு தெரியாது, கடல் தெரியும். படத்தில் நிறம் பிசகியிருக்கிறது. நடுவில் சிவப்பு வைத்தால் கரைக்காரர்கள் சிரிப்பார்கள்.

நகைக்கு வரும் செம்பவளம் வேறு இனம், அது இந்தத் திட்டுகளில் வளர்வதில்லை. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரையுள்ள பாறைகளில் உயிரோடு இருக்கும் பவளம் பெரும்பாலும் பழுப்பு, கடுகு மஞ்சள், மங்கின பச்சை. அந்தப் பழுப்பும் பவளத்தின் சொந்த நிறமல்ல. அதன் சதைக்குள் குடியிருக்கும் நுண்பாசியின் நிறம். கடல்நீர் 30, 31 பாகைக்கு மேல் ஏறி வாரக்கணக்கில் நின்றால் அந்தப் பாசி வெளியேறிவிடும். மிஞ்சுவது கண்ணாடி போன்ற சதை, அதன் வழியே தெரியும் வெள்ளைச் சுண்ணாம்புக் கூடு. இங்கே 1998, 2010, 2016 ஆண்டுகளில் பெரிய அளவில் வெளுத்தது. மாதம் பெரும்பாலும் ஏப்ரலிலிருந்து ஜூன்.

வெளுத்த பவளம் செத்த பவளம் அல்ல, நிறைய பேர் கோட்டை விடும் இடம் இது. வெப்பம் சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்ப வந்து சில மாதத்தில் பழுப்பு ஏறும். தணியாவிட்டால் சதை அழிந்து, வெற்றுக் கூட்டின் மேல் நூல் மாதிரிப் பாசி படர்ந்து அழுக்குப் பச்சையாகிவிடும். ஆக வரிசை: பழுப்பு, வெள்ளை, அழுக்குப் பச்சை. வெள்ளையோடு படம் முடிந்தால் பாதிக் கதைதான்.

எங்கிருந்து வெளுக்கும் என்பதையும் பாருங்கள். வெயில் நேராக விழும் மேல்முகம்தான் முதலில் வெளுக்கும். கிளையின் அடிப்பக்கமும் நிழல் விழும் இடுக்கும் பழுப்பாகவே கொஞ்ச நாள் நிற்கும். சுற்றிலும் விளிம்பில் வெள்ளை வைக்காமல் மேலிருந்து கீழே இறங்குவதாக வையுங்கள். கிளைப்பவளமும் தட்டுப்பவளமும் சீக்கிரம் போய்விடும். உருண்டைப் பவளம் தாக்குப்பிடிக்கும். பக்கத்தில் ஓர் உருண்டையைப் பழுப்பாகவே விட்டால், பார்த்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும்.

21 தீவு பற்றி: தேசியப் பூங்காவாக 1986இல் அறிவித்தபோது 21. மண்டபம் பக்கம் 7, கீழக்கரைப் பக்கம் 7, வேம்பார்ப் பக்கம் 3, தூத்துக்குடிப் பக்கம் 4. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் நீருக்குள் போய்விட்டன. பவளத்தைச் சுண்ணாம்புக்காக வெட்டியெடுத்ததும் அதற்கு ஒரு காரணம். எல்லாவற்றையும் ஒரே மாதிரி நெய்யாமல் அந்த இரண்டுக்கு ஏதாவது செய்யுங்கள்.

பவளத்துண்டு வேண்டவே வேண்டாம். பாறை கட்டும் பவளம் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் செத்துக் கிடந்ததுதானே என்று எடுத்து வைத்திருந்தாலும் குற்றம்தான்.

சாயத்தொட்டி:

மேலே சொன்னது சாயத்துக்கும் நல்லதாகப் போயிற்று. பதிமுகம் பருத்தியில் வெயிலுக்கு நிற்காது, மஞ்சளும் அப்படியே. பழுப்பும் கடுகு நிறமும் என்றால் நிற்கிற சாயங்களே போதும்.

எல்லா அளவும் 100 கிராம் உலர்ந்த நூலுக்கு. முதலில் 2 கிராம் வாஷிங் சோடா, கொஞ்சம் சோப்பு போட்டு ஒரு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். அது நூலில் இருக்கும் மெழுகும் அழுக்கும். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுங்கள். இதைச் சோம்பலில் விட்டால் பின்னால் எவ்வளவு நல்ல சாயம் போட்டாலும் திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். அடுத்து 20 கிராம் கடுக்காய்ப் பொடி கரைத்த வெந்நீரில் இரவு முழுக்க ஊறட்டும். பிழிந்து, அலசாமல் காய வையுங்கள். பிறகு 15 முதல் 20 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, 2 கிராம் வாஷிங் சோடாவைத் தனியே கரைத்து, மெதுவாக ஊற்றுங்கள். பொங்கும், பாத்திரம் பாதிதான் நிறைந்திருக்கணும். அதில் குறைந்தது 2 மணி நேரம். வெள்ளைக்கு ஒதுக்கும் நூலைக் கடுக்காயில் காட்டவே கூடாது, மஞ்சளித்துவிடும்.

பழுப்புக்கு மஞ்சிட்டி, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும், 50 கிராம். சிவப்பு வேண்டுபவர்கள் 70 பாகையைத் தாண்ட மாட்டார்கள், தாண்டினால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். நமக்கு வேண்டியதே அந்தப் பழுப்பு, அதனால் கொதி வரும் அளவுக்குப் போகலாம். கடுகு நிறத்துக்கு மாதுளை ஓடு 50 கிராம். அழுக்குப் பச்சைக்கு அதே மாதுளை நூலை அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்த தண்ணீரில் ஐந்து நிமிடம் முக்கி எடுத்தால் போதும். அன்னபேதி 100 கிராமுக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது; இரும்பு பருத்தியை அரித்து வருடம் போகப் போக நூலை உதிர வைக்கும். கடலுக்கு அவுரி. ஒரே முக்கில் அடர்த்தி தேடாமல் லேசான தொட்டியில் 3, 5, 8 முக்கு என்று மூன்று நீலம் எடுங்கள். அவுரி நீலமும் மாதுளை மஞ்சளும் சேர்ந்த பச்சை வேண்டுமானால் அவுரி முதலில், கடுக்காயும் படிகாரமும் அப்புறம். மாற்றிச் செய்தால் அவுரித் தொட்டியின் காரம் படிகாரத்தைக் கழற்றிவிடும்.

வெளுப்புக்கு ஒன்பது தொட்டி சாயம் போட வேண்டாம். ஊடையே 8 இழையாயிற்றே. 8 பழுப்பு, 7 பழுப்பு 1 வெள்ளை, 6க்கு 2, இப்படியே 8 வெள்ளை வரை ஒன்பது படி. இரண்டே நிற நூலில் முடிந்துவிடும். அருகே போய்ப் பார்த்தால் 5க்கு 3 என்ற இடத்தில் வெள்ளை இழை பழுப்புக்கு நடுவே தனித்தனிப் புள்ளியாகத் தெரியும். நாலு அடி தள்ளி நின்றால் கலந்துவிடும். பவளத்தில் பாசி வெளியேறுவதும் சிறிது சிறிதாகத்தான், நல்ல பொருத்தம். ஊடையைக் கண்டாகச் சுற்றும்போது இழைகளை முறுக்கிவிடாதீர்கள், முறுக்கினால் கோடு கோடாக விழும்.

நெய்யத் தொடங்கும் முன் ஒவ்வொரு சாயத்திலும் கொஞ்சம் நூலை அட்டையில் சுற்றி, பாதியைக் கறுப்புத்தாளால் மூடி, ஒரு மாதம் ஜன்னலில் வையுங்கள். அந்த ஒரு மாதத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள்தான் பிறகு கேட்க வருகிறார்கள்.

நெசவுப்பழகி:

மூவருக்கும் நன்றி. சிவப்பைத் தூக்கிவிட்டேன். மூன்று விஷயம் பாக்கி. கிளை சில இடத்தில் கால் அங்குலம்தான் தடிமன், செங்குத்தாக நிற்கிறது. படத்தைப் படுக்கவைத்து நெய்யலாமா? வெறும்பாவு விடலாமா? வலை நரம்பு?

குழித்தறி:

கால் அங்குலம் என்றால் 2 பாவு. செங்குத்து விளிம்பில் கிளையின் ஊடையும் கடலின் ஊடையும் ஒன்றையொன்று தொடாமல் திரும்புவதால் நடுவே பிளவு விழும்; இரண்டு பாவில் செங்குத்தாக ஏறும் கிளை இரு பக்கமும் நீளப் பிளவாகி நாடா மாதிரித் தொங்கும். படுக்கவைத்தால் அதே கிளை நாலைந்து வரி ஊடையாகி அழகாக வரும், உண்மை. ஆனால் உங்கள் சட்டத்தில் முடியாது. 36 அங்குலம் அகலமாகும்போது சட்டத்தையும் திருப்பணும். ஏறும் நீளம் 30 அங்குலம்தான். மேலும் கீழும் 3 அங்குலம் விட்டால் சரியாக 24. பாவு இறுகும் கடைசி இரண்டு அங்குலத்தில் கை நுழையாது, ஊசியில் ஒவ்வொரு பாவாக எடுத்துப் போகணும். தவிர, படுக்கவைத்து நெய்த பிளவெல்லாம் மாட்டும்போது குறுக்குவாட்டில் வரும்; கீழே உள்ள எடை இழுத்து வாய் பிளக்கும். ஒன்றுவிடாமல் தைத்தாகணும். நிமிர்த்தியே நெய்யுங்கள், கிளையை 4 பாவுக்குத் தடிமனாக்கி 45 பாகைக்குச் சாயுங்கள். சாய்வாகப் போகும் விளிம்பில் பிளவு ஒவ்வொரு படியிலும் இரண்டு மூன்று வரியோடு முடிந்துவிடும்.

செங்குத்து விளிம்பு தவிர்க்க முடியாத இடத்தில் காஞ்சிபுரம் கோர்வையை நினைத்துக்கொள்ளுங்கள். உடலின் ஊடையும் கரையின் ஊடையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று கொக்கி போட்டுத் திரும்புமே, அதேதான். இரண்டு ஊடையும் எதிரெதிராக வந்து சந்திக்கணும். பின்பக்கம் சின்ன வரப்பு எழும்பும், அது இருக்கட்டும். ஓர் அங்குலத்துக்கு மேல் நீளும் எந்தப் பிளவையும் கோர்வையாக்குங்கள், இல்லையேல் பின்னால் தையுங்கள்.

வெறும்பாவு விடலாம், அளவோடு. சும்மா விட்டால் மேலே உள்ள ஊடை வழுக்கிக் கீழே இறங்கும். காலியிடத்தின் அடியிலும் தலையிலும் பாவு நூலாலேயே இரண்டு வரி முறுக்குப் பின்னல்: இரண்டு நூல், ஒவ்வொரு பாவையும் முன்னும் பின்னும் கவ்வி, நடுவில் அரை முறுக்கு. நெய்து முடியும்வரை காலியிடத்தில் அந்த அளவுக்கு அட்டை வெட்டிச் செருகி வையுங்கள், மேலே தட்டும் அடியை அது தாங்கும். உயரம் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம், அகலம் 2 அங்குலம் போதும். அதற்கு மேல் போனால் சுற்றியுள்ள நெசவு உள்ளே சரியும். காலி விட்டதை வெளுத்த பவளம் என்று வைக்காமல் அழிந்தே போனதாக வைப்பது பொருத்தம். வெளுத்ததில்தான் இன்னும் உயிர் இருக்கிறதே.

தீவுக்கு: ஒரு முட்டை 5 பாவு, நடுவில் 4 பாவு. 21 முட்டைக்கு 105, இடைவெளி 20க்கு 80, மொத்தம் 185. மிச்சம் 7; ஒரு ஓரம் 3, மறு ஓரம் 4. மூழ்கிய இரண்டையும் கடல்நீல நூலிலேயே, ஆனால் ஊடையை ஒவ்வொரு பாவிலும் ஒரு சுற்றுச் சுற்றி எடுத்துப் போங்கள். நிறம் மாறாது, மேடு மட்டும் எழும்பும். பக்கவாட்டு வெளிச்சத்தில்தான் தெரியும்.

சாயத்தொட்டி:

வலை நரம்பு: தங்கூசியை (ஒற்றை இழை நைலான் நரம்பு) தனி ஊடையாகப் போடாதீர்கள். தட்டத் தட்டத் துள்ளி எழும், வழுக்கும், வெட்டு முனை பருத்தியை அறுக்கும். 8 இழைப் பருத்தியோடு ஒன்றாகச் சேர்த்து, செத்த பவளம் வரும் பச்சைப் பகுதியில் மட்டும் போடுங்கள்; முனைகளைப் பின்பக்கம் ஓர் அங்குலம் மடித்து உள்ளே செருகணும். முறுக்கின நைலான் வலை இன்னும் அடங்கும். எதுவானாலும் நல்ல தண்ணீரில் மூன்று நாள், தினம் தண்ணீர் மாற்றி ஊற வையுங்கள். உப்பு மிச்சமிருந்தால் ஈரத்தை இழுக்கும், சட்டத்து ஆணி துருப்பிடித்து அந்தக் கறை பாவு வழியே ஏறும். ஆணிக்குத் துத்தநாகப் பூச்சுள்ளதாக வாங்கினால் நல்லது.

தறியிலிருந்து இறக்கும் முன் கீழும் மேலும் பாவு நூலாலேயே அரை அங்குலம் சாதா நெசவு இருக்கிறதா பாருங்கள். மடித்துத் தைக்க அதுதான் பிடி. பாவை நாலு நாலாக வெட்டி உடனே முடிச்சுப் போடுங்கள். மொத்தமாக வெட்டிவிட்டு முடிச்சுத் தேடினால் ஓரம் அவிழும். துவைக்க வேண்டாம், குப்புறப் போட்டு ஈரத்துணி விரித்து, தேய்ப்புப் பெட்டியை அழுத்தாமல் ஆவி மட்டும் காட்டுங்கள். நரம்பு உள்ள பகுதிக்குப் பெட்டியே போகக் கூடாது, சுருங்கிவிடும். மாட்ட மேல் விளிம்பு முழுக்க வெல்க்ரோ தைத்து, மறுபாதியை மரப்பட்டியில் அடியுங்கள்; இரண்டு வளையத்தில் மாட்டினால் நடுப்பகுதி தொய்யும். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் வேண்டாம். அருங்காட்சியகங்களில் துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம்தான் வைப்பார்கள். வீட்டில் அந்த அளவுக்கு முடியாது, நேர்வெயில் படாத சுவராக இருந்தால் சரி.